கூடலூரிலிருந்து உதகை வரை தாக்குப்பிடிக்க: என்.ஏ.எஸ்.ஜி. உடை ஒரு மதிப்பீடு

கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நடுவட்டம் ஏற்றத்தில் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்த பிறகு அந்த ரத்தக்குழாய்கள் மூடாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே பயமாக இருக்கும். மேல்சிகிச்சைக்குப் போகும் அந்த வழியில் தாயைத் தாக்குப்பிடிக்க வைக்க, கால் முதல் வயிறு வரை இறுக்கிச் சுற்றுவதுதான் என்.ஏ.எஸ்.ஜி., அதாவது காற்றடிக்காத அதிர்ச்சித் தடுப்பு உடை.

பெரும்பாலான ரத்தப்போக்குக்குக் காரணம் கருப்பை சுருங்காததுதான். அதற்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் மருந்து இருக்கிறது, கருப்பை மசாஜ் இருக்கிறது, ரத்தப்போக்கைக் குறைக்க மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டிய 1 கிராம் டிரானெக்சாமிக் ஆசிட் இருக்கிறது. அபூர்வமாக வரும் சிக்கல்கள்தான் மலையிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கையைக் கட்டிப்போடுகின்றன. பழைய சிசேரியன் தழும்பில் நஞ்சுக்கொடி வேர்விட்டு ஒட்டிக்கொள்வது, கருப்பை உட்புறம் வெளியே புரண்டுவிடுவது, தழும்பு கிழிவது, ரத்தம் உறையும் தன்மையே அற்றுப்போவது. இவற்றில் ஆக்சிடோசின் மட்டும் போதாது. புரண்ட கருப்பையை உள்ளே தள்ளும்வரை அதை நிறுத்தியே வைக்க வேண்டும். இந்த உடையோ காரணம் எதுவென்று கேட்பதில்லை. இதை மலைக்கு மிகவும் வேண்டிய பொருள் என்று சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

பார்க்க, நீரில் மூழ்குபவர்கள் அணியும் இறுக்கமான உடையின் கீழ்ப்பாதி போல இருக்கும். நியோப்ரீன் துணி, வெல்க்ரோ ஒட்டு, எடை சுமார் ஒன்றரை கிலோ. காற்றடிக்கும் பம்போ மீட்டரோ கிடையாது. துணியின் இழுவை மட்டுமே 20 முதல் 40 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் தருகிறது. கால்களிலும் வயிற்றிலும் தேங்கும் ரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் திரும்புகிறது. இடுப்பிலுள்ள குழாய்கள் குறுகுவதால் கசிவும் குறைகிறது. இந்த வகை உடையின் மூல வடிவம் 1970களில் நாசா ஆய்வுக்கூடத்தில் உருவானது. பிரசவ ரத்தப்போக்கில் மேல்சிகிச்சை கிடைக்கும் வரைக்கான இடைக்கால உதவியாக உலக சுகாதார நிறுவனம் 2012இல் இதைப் பரிந்துரைத்தது.

மாட்டும் முறையில் தவறுக்கு இடமிருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பகுதிகள் 1 முதல் 6 வரை எண்ணிடப்பட்டிருக்கும். கணுக்காலில் 1, கெண்டைக்காலில் 2, தொடையில் 3. இவை இரண்டு காலுக்கும் தனித்தனி. இடுப்பைச் சுற்றி 4, தொப்புளுக்கு மேல் ரப்பர் நுரைப் பந்து உள்ள 5, அதை மூடும் 6. எப்போதும் கணுக்காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். உயரம் குறைந்த பெண் என்றால் 1ஐ மடித்து 2க்குள் விட்டு அங்கிருந்து ஆரம்பிக்கலாம். முழங்கால் மடங்க வேண்டும் என்பதால் 2க்கும் 3க்கும் நடுவில் மூட்டுப் பகுதியை மூடாமல் விடுங்கள். 4 இடுப்பின் முன்னெலும்பு மட்டத்தில் சுற்றி வர வேண்டும். பந்து தொப்புளுக்கு நேராக. உடையின் மேல் விளிம்பு கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. கால் பகுதிகளை இரண்டு பேர் ஒரே நேரத்தில் இழுத்து ஒட்டலாம். 4, 5, 6 மூன்றையும் ஒருவரே செய்ய வேண்டும், இருவர் இழுத்தால் வயிறு அளவுக்கு மீறி இறுகும். ஒட்டியபின் துணியை விரலால் இழுத்து விட்டால் சுருக்கென்று அடித்துத் திரும்ப வேண்டும். தொளதொளவென்று இருந்தால் மறுபடி ஒட்டுங்கள். பழகிய கைக்கு எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்.

4ஐ மூடுவதற்கு முன் சிறுநீர்க் குழாய் போட்டுவிடுவது நல்லது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கருப்பை சுருங்காது. உடை போட்டபின்பும் அடியில் கைவிட்டு கருப்பையை மசாஜ் செய்ய முடியும். பிறப்புவழி திறந்தே இருப்பதால் தையல் போடலாம், நஞ்சை எடுக்கலாம். கருப்பை புரண்டிருந்தால் உடையை மாட்டிவிட்ட திருப்தியில் அதைத் திரும்ப உள்ளே தள்ளும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. நேரம் ஆக ஆகக் கருப்பை வாய் இறுகிவிடும். அப்போது நஞ்சு ஒட்டியிருந்தால் அதைப் பிய்க்கக் கூடாது. வேர்விட்ட நஞ்சுக்கொடி என்று சந்தேகமிருந்தாலும் அப்படித்தான்: இழுக்காமல், இருந்தபடியே உடை மாட்டி அனுப்புங்கள். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அடுத்த பிரசவத்தில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகமாக வரும் என்று எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

எல்லோருக்கும் போட்டுவிடக் கூடாது. வயிற்றில் உயிருள்ள குழந்தை இருந்தால் கூடாது. மைட்ரல் வால்வு சுருக்கம், இதயம் செயலிழந்த நிலை, மார்புப் பகுதியில் ரத்தப்போக்கு, இவற்றிலும் கூடாது. கர்ப்பத்தின் கடைசி மாதம் முதல் பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் வரை இதயத் தசை தளரும் அபூர்வ நோய் ஒன்று உண்டு. ரத்தப்போக்கு கொஞ்சம், மூச்சுத்திணறல் அதிகம், படுக்க முடியவில்லை என்றால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். கால் ரத்தத்தை அந்த இதயத்துக்குள் தள்ளுவது ஆபத்து. உடை போட்டபின் திணறல் வந்தால் 6ஐயும் 5ஐயும் சற்றுத் தளர்த்தலாம், கழற்றக் கூடாது. மலைப்பாதை வளைவுகளில் உடல் கீழே சரிந்து மேல் விளிம்பு விலாவின் மேல் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பலன் பற்றி ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜாம்பியாவிலும் ஜிம்பாப்வேயிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் உடை போட்ட குழுவில் இறப்பு வாய்ப்பு 46 சதவீதம் குறைவாக இருந்தாலும், தற்செயல் அல்ல என்று புள்ளியியல்படி அடித்துச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை போதவில்லை. ரத்த இழப்பால் வரும் அதிர்ச்சி நிலையிலிருந்து பெண்கள் சீக்கிரம் மீண்டது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மலைக்கு அந்த இரண்டாவது விஷயமே பெரிது. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்தச்சோகை இருப்பது 1952லேயே பதிவானது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு, அரை லிட்டர் இழப்பிலேயே சரிந்துவிடும்.

குறைபாடு எல்லாம் கழற்றும் இடத்தில்தான். அவசரப் பிரிவில் உடையைப் பார்த்துப் பழக்கமில்லாதவர் வயிற்றுப் பகுதியை முதலில் திறந்தால் ரத்தம் மளமளவென்று கீழே இறங்கி ரத்த அழுத்தம் விழுந்துவிடும். ரத்தப்போக்கு கட்டுப்பட்டு, நாடி 100க்குள்ளும் மேல் அழுத்தம் 100க்கு மேலும் இரண்டு மணி நேரம் நிலைத்த பிறகே தொட வேண்டும். 1லிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பகுதிக்கும் 15 நிமிடம் விட்டு, நாடியும் அழுத்தமும் பார்த்துக்கொண்டே மேலே வர வேண்டும். அழுத்தம் 20 குறைந்தாலோ நாடி 20 கூடினாலோ உடனே திரும்ப ஒட்டிவிட்டு, எங்கே கசிகிறது என்று தேடுங்கள். அறுவை சிகிச்சைக்கு 4, 5, 6ஐக் கத்தி வைக்கும் நேரத்தில் திறந்து, முடிந்ததும் மூடிவிடலாம். இந்த வரிசையை ஒரு அட்டையில் அச்சடித்து உடையோடு சேர்த்து அனுப்புவது நல்லது.

பராமரிப்பு கடினமில்லை, ஆனால் நீலகிரியில் எரிச்சல் தரும். 0.5 சதவீத குளோரின் கரைசலில் 15 நிமிடம். 30 சதவீத ப்ளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்குச் சுமார் 17 கிராம், தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். அதற்கு மேல் ஊறினால் துணியின் இழுவை போகும். பிறகு சோப்பு, நிறைய தண்ணீர், நிழலில் தொங்கவிடுதல். முறுக்கிப் பிழியாதீர்கள், இஸ்திரி வேண்டாம். தென்மேற்குப் பருவத்தில் தேவாலா, பந்தலூர் பக்கம் நாள் கணக்கில் காயாது. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே மின்விசிறி உள்ள அறையில் விரித்துப்போடுங்கள். வெல்க்ரோவில் சிக்கும் நூலையும் முடியையும் காய்ந்தபின் பிரஷ்ஷால் எடுக்காவிட்டால் சில பயன்பாடுகளிலேயே பிடி விட்டுவிடும். ஒழுங்காக வைத்தால் ஐம்பது முறைக்கு மேல் உழைக்கும்.

இன்னொரு தொல்லை, மேலே போன உடை கீழே திரும்புவதில்லை. ஆகவே ஒன்று வாங்குவது வீண். நிலையத்துக்கு இரண்டு, சேருமிடத்தில் மாற்றிக் கொடுக்க இரண்டு, அதற்கொரு பதிவேடு. வாங்கும்போது பிரித்துப் பாருங்கள்: எண்கள் தெளிவாக இருக்கின்றனவா, பந்து அசையாமல் தைக்கப்பட்டிருக்கிறதா, இழுத்துவிட்டால் துணி உடனே சுருங்குகிறதா. பெரிய அளவை மட்டும் வாங்கி வைக்காதீர்கள். மெலிந்த, குள்ளமான பெண்ணுக்கு அது இறுகாது.