தட்டிப் பார்ப்பதா, அழுத்திப் பார்ப்பதா?

1989 மார்ச் 17 அன்று இத்தாலியின் பாவியா நகரில் இடைக்காலக் கோபுரம் ஒன்று திடீரென்று இடிந்து நான்கு பேரைப் பலிகொண்டது. அதன் சுவர்களுக்கு வெளியே செங்கல் தோல், உள்ளே கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொட்டிய நிரப்பு. இப்படிப்பட்ட சுவரைப் பழுதுபார்க்கும் முன் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒலி அலைச் சோதனையில் ஒரு பக்கம் சுத்தியலால் தட்டி, மறுபக்கம் அலை வந்துசேரும் நேரத்தை அளக்கிறார்கள். வேகம் குறைந்தால் உள்ளே வெற்றிடமோ விரிசலோ இருக்கலாம். சுவருக்குச் சேதமில்லை. ஆனால் சுவர் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று அது சொல்லாது.

அதைச் சொல்வது இரண்டாவது வழியான பிளாட் ஜாக். காரை இணைப்பில் மெல்லிய பிளவு வெட்டினால், மேலுள்ள பாரத்தால் பிளவு சற்றே நெருங்கும். அதில் தட்டையான உலோக உறையைச் செருகி எண்ணெய் அழுத்தம் ஏற்றுகிறார்கள். வெட்டும் முன்பே பிளவுக்கு மேலும் கீழும் குறித்த அளவுப் புள்ளிகள் பழைய தூரத்துக்குத் திரும்பும்போது உள்ள அழுத்தத்திலிருந்து, சில திருத்தங்களோடு, சுவரின் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பு தாங்கும் பாரம், கிடைக்கிறது. எவ்வளவு அழகான யோசனை! ஆனாலும் அது காட்டுவது வெளித்தோலை மட்டுமே.

என்னைக் கேட்டால் முதலில் ஒலி அலை. சந்தேகமான இடங்கள் தெரிந்த அப்புறம் ஜாக்குக்காக வெட்டலாம். பாவியா மாதிரிச் சுவரில் ஜாக் தரும் அளவை மட்டும் நம்பி வேலையைத் தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன்.