மங்குக்கு லேசர் பேக்கேஜ் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கன்னத்தில் கருந்திட்டாகப் படரும் மங்கு இருக்கிறவர்களே, 'ஆறு சிட்டிங்கில் போயிடும் மேடம்' என்று எவராவது சொன்னால் உடனே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். எங்கள் ஊரில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் மொத்தமாகக் கட்டிவிட்டு, இப்போது முன்பைவிடக் கறுப்பான திட்டுகளும் நடுநடுவே வெள்ளைப் புள்ளிகளுமாக இருக்கிறேன்.

அங்கே என்னைப் பார்த்தது டாக்டரே இல்லை. வெள்ளைக் கோட் போட்ட ஒரு பெண், 'கவுன்சிலர்' என்றார்கள். கறை தோலில் எவ்வளவு ஆழம் என்று பார்க்கிற புற ஊதா விளக்கு, வுட்ஸ் லாம்ப், அதை வைத்துப் பார்க்கவில்லை, கர்ப்ப சமயத்தில் வந்ததா, ஹார்மோன் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று ஒரு கேள்வி கிடையாது, காதோரம் கொஞ்சமாக அடித்துப் பார்க்கும் டெஸ்ட் பேட்ச்சும் கிடையாது, நேராக இஎம்ஐ பேச்சுதான். நிறமியை உடைக்க மிகக் குறுகிய துடிப்புகளாக அடிக்கும் க்யூ-ஸ்விட்ச் லேசராம். முதலில் முகம் லேசாகப் பளிச்சென்று ஆனது உண்மை, அதற்குள் ரிங் லைட் போட்டு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்கள். அப்புறம் மங்கு அசையவில்லை என்றதும் 'பவர் கூட்டிப் பார்க்கலாம்' என்று அந்தப் பெண்ணே ஸ்கிரீனைத் தட்டினார். அன்று ராத்திரியே கன்னம் வீங்கி, பொருக்குத் தட்டி, அது உதிர்ந்த இடமெல்லாம் கருகல். போய்க் கேட்டால் 'வெயில்ல போயிருப்பீங்க' என்கிறார்கள்! கையில் லேபிள் இல்லாத டப்பாவில் ஒரு க்ரீம் வேறு.

பிறகு அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டினேன். நம் மாதிரி மாநிறத் தோலில் 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் அடிக்கும் க்யூ-ஸ்விட்ச் லேசர் மற்றதைவிடப் பாதுகாப்புதான், ஆனாலும் சூடு கூடினால் நிறமிச் செல்கள் சீண்டப்பட்டு இன்னும் கறுக்கும், திரும்பத் திரும்ப அடித்தால் அவை செயலிழந்து வெள்ளை விழும் என்றார் அந்த டாக்டரம்மா. கண்ணைச் சுற்றி நீலம் பாரித்த ஓட்டா மச்சத்துக்கு இதே லேசர் நன்றாகக் கேட்குமாம். மங்கு குறைந்தாலும் திரும்பி வருமாம். முதலில் சன்ஸ்கிரீன், அதுவும் அயர்ன் ஆக்சைடு கலந்து தோல் நிறச் சாயல் (டின்ட்) வைத்தது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டும். கூடவே டாக்டர் கண்காணிப்பில் சில மாதம் கறையை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன் மாதிரி க்ரீம். இதெல்லாம் கேட்காவிட்டால்தான் லேசர். அந்த டப்பா க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கலாம் என்று உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

போகிறவர்கள் லேசரைப் பிடிக்கப்போவது யார், தோல் மருத்துவம் படித்தவரா, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் என்ன அளவில் அடித்தார்கள் என்று எழுதி வாங்குங்கள், எனக்கு அந்தத் தாளைக் கடைசி வரை தரவேயில்லை. மீதி சிட்டிங் பணத்தைக் கேட்டதற்கு ரீஃபண்ட் கிடையாதாம், வேண்டுமானால் அதைக் கால் முடி எடுக்கும் லேசருக்கு மாற்றித் தருகிறார்களாம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க பில்லையும் போட்டோக்களையும் எடுத்து வைத்திருக்கிறேன்.