பச்சை இலைப் படத்தை நம்பி 6,840 ரூபாய் போனது: இயற்கை அங்காடிகளுக்குச் செல்வோர் கவனத்திற்கு

எங்கள் பகுதி இயற்கை அங்காடி ஒன்றில், சான்றே இல்லாத பொருளுக்கு 6,840 ரூபாய் கொடுத்திருக்கிறேன் என்பது நேற்றுதான் உறுதியானது. அந்தக் கடையில் இன்றும் கூட்டம் நிற்பதால் உடனே எழுதுகிறேன்.

குழந்தைக்குக் கஞ்சி கொடுக்கத் தொடங்கும் நேரம் என்பதால், தூயமல்லி அரிசி, பாசிப்பருப்பு, செக்கு எண்ணெய் என மாதச் சாமான் முழுவதையும் அங்கேயே எடுத்தோம். விலையைப் பார்த்து நான் தயங்கியதும் உரிமையாளரே எழுந்து வந்து, அரிசியை உள்ளங்கையில் அள்ளி, அதில் ஊர்ந்த வண்டைக் காட்டி, "மருந்தடிச்ச அரிசியில இது உயிரோட இருக்குமா தம்பி?" என்று கேட்டார். பிறகு பொட்டலத்தைத் திருப்பி, பச்சை இலைப் படத்தின் கீழிருந்த 14 இலக்க எண்ணைத் தொட்டு, "இது அரசாங்கம் கொடுத்த ஆர்கானிக் நம்பர்" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் 6,840 ரூபாயைக் கொடுத்தேன்.

அந்த எண் உணவு வணிகம் செய்யும் எவருக்கும் வழங்கப்படும் உணவுப் பாதுகாப்பு உரிம எண். டீக்கடைக்கும் அப்படியொரு எண் உண்டு. வண்டோ சேமிப்பில் வருவது. வயலில் என்ன தெளித்தார்கள் என்பதற்கு அது சாட்சியாகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆர்கானிக் என்று விற்கும் பொருளுக்கு என்.பி.ஓ.பி. (அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் ஆய்வு செய்து தருவது) அல்லது பி.ஜி.எஸ். இந்தியா (உழவர் குழுவினர் ஒருவர் நிலத்தை ஒருவர் ஆய்வு செய்து தருவது) சான்று வேண்டும். பொட்டலத்தில் 'ஜைவிக் பாரத்' போன்ற, அரசு அங்கீகரித்த ஆர்கானிக் முத்திரையும் இருக்க வேண்டும். என் பொட்டலங்கள் எதிலும் அது இல்லை.

சான்றிதழைக் கேட்டேன். கணக்குப் பார்ப்பவர் ஊரில் இல்லை என்றார்கள். விடாமல் கேட்டபின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: ஏதோ ஓர் உழவர் குழுவின் பெயர், காலாவதியான தேதி, பயிர்ப் பட்டியலில் மஞ்சளும் மல்லியும் மட்டும். அரிசி எங்கே என்றதற்கு, "சின்ன விவசாயிங்களுக்குச் சான்று தேவையில்ல சார்" என்ற பதில் வந்தது. அந்த விலக்கு, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாமல், தாம் விளைவித்ததை உண்பவருக்கே நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கானது. வாங்கி விற்கும் கடைக்கு அதில் என்ன உரிமை? நேரில் போனபோது உரிமையாளர், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். 6,840 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.

இத்தகைய கடைகளில் வாங்குவது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. அரசு அங்கீகரித்த ஆர்கானிக் முத்திரை இல்லாத பொட்டலத்துக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். சான்றிதழில் பெயர், தேதி, பயிர்ப் பட்டியல் மூன்றையும் கடையிலேயே நின்று படியுங்கள். 'நேச்சுரல்', 'பாரம்பரியம்' என்ற சொற்களைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். பில்லில் 'ஆர்கானிக்' என்று எழுதி வாங்குங்கள். என் பில்லில் வெறும் 'அரிசி' என்றுதான் இருக்கிறது.