சாகச மாட்யூல் விற்க மூன்று கடைகள்: செங்கோட்டைப் பக்கமிருந்து எழுதுகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

நண்பர்களுக்காக எழுதிய ஒன்-ஷாட் சாகசத்தை (ஒரே அமர்வில் ஆடி முடிக்கும் கதையை) நாலு குழுவிடம் ஓட்டிப் பார்த்தாயிற்று, எல்லாரும் ரசித்தார்கள். அடுத்து அதை எங்கே விற்பது? டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் பகடை ஆட்டம், அதற்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போய் நிற்பது மூன்று கடைகளில்: இட்ச்.ஐஓ, டிஎம்ஸ் கில்டு, டிரைவ்த்ரூஆர்பிஜி. செங்கோட்டை, தென்காசி, புனலூர் வட்டாரத்தில் இந்திய வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டு எழுதுகிறவருக்கு எது கட்டுபடியாகும் என்ற ஒரே கோணத்தில் மூன்றையும் எடை போட்டிருக்கிறோம். முதல் மாட்யூலுக்கு (விற்பனைக்குத் தயாரான சாகசக் கோப்புக்கு) எங்கள் பரிந்துரை இட்ச். கமிஷன் குறைவு என்பதைவிட, எழுதியது கடைசிவரை உங்கள் கையிலேயே இருக்கும் என்பதுதான் முக்கியக் காரணம்.

டிஎம்ஸ் கில்டிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் அவசரப்படுகிறார்கள். 2016 ஜனவரியில் திறந்த கடை அது. விற்பனையில் 50 சதவீதம் எழுதியவருக்கு, மீதிப் பாதி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி&டி) ஆட்டத்தின் சொந்தக்காரரான விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்டுக்கும் கடைக்காரருக்கும். 4 டாலர் மாட்யூலுக்கு 2 டாலர் கைக்கு வரும். பதிலுக்குக் கிடைப்பது ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற அந்த ஆட்டத்தின் கற்பனை உலகத்தைப் பயன்படுத்தும் அனுமதியும், டி&டி ஆடுகிறவர்களே தேடி வரும் கூட்டமும். அது சின்ன விஷயமில்லை. ஆனால் கில்டில் போட்டதை வேறெங்கும் விற்க முடியாது. நீங்கள் உருவாக்கிய பாத்திரங்களையும் இடங்களையும் கில்டின் மற்ற எழுத்தாளர்களும் விஸார்ட்ஸும் எடுத்துப் பயன்படுத்த ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது.

இதை நம்மூர்ச் சரக்கில் வைத்துப் பார்த்தால்தான் கனம் தெரியும். புளியரை எஸ் வளைவில் மூடுபனி இறங்குகிற நேரம். கணவாயின் இந்தப் பக்கம் ஒரு சாவடி, அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவில் ஒரு சாவடி. நடுவில் 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதையும், கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலமும். இந்த நிலத்தை வைத்து ஒரு கற்பனைக் கணவாயும், இரண்டு அரசுகளுக்கும் கப்பம் கட்டும் ஒரு சாவடிக்காரனும் எழுதினால், அதிலிருந்து பத்து சாகசங்கள் கிளைக்கும். முதல் சாகசத்தைக் கில்டில் ஏற்றிய அன்றே அந்தச் சாவடிக்காரன் பொதுச் சொத்து மாதிரி ஆகிவிடுவான். தமிழில் மொழிபெயர்த்துச் சிறு புத்தகமாகப் போடும் வழியும் அடைபடும். சொந்த உலகம் இருக்கிறவர்கள் கில்டுக்குப் போகவே வேண்டாம். ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் நடக்கும் கதையா, அதற்கு வேறு வழியில்லை, கில்டுதான்.

டி&டி விதிகளை வைத்து எழுதுவதற்கும் கில்டு கட்டாயமில்லை. விஸார்ட்ஸ் வெளியிட்ட அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1 ஆவணம் 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி-பை 4.0 உரிமத்தில் கிடைக்கிறது. அதில் கேட்டிருக்கும் நன்றிக் குறிப்பை வரி மாறாமல் உங்கள் பிடிஎஃப்பில் போட்டால் எங்கே வேண்டுமானாலும் விற்கலாம். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற கற்பனை உயிர்களின் ஸ்டாட் பிளாக் (ஆட்டத்துக்கான திறன் பட்டியல்) அதில் இல்லை. பழக்கதோஷத்தில் அவற்றை நுழைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு உயிரின் பெயரையும் எஸ்ஆர்டியில் தேடிச் சரிபாருங்கள்.

இனி இட்ச். 2013-இல் தொடங்கிய இந்தக் கடை தன் பங்கை உங்களையே தீர்மானிக்கச் சொல்கிறது. நீங்கள் தொடாமல் விட்டால் 10 சதவீதம். பணம் வாங்க இரண்டு முறை உண்டு: ஒவ்வொரு விற்பனையும் நேராக உங்கள் பேபாலுக்கு வருவது, அல்லது இட்ச் சேர்த்துவைத்துப் பிறகு தருவது. பலரும் முதலாவதை அமுக்கிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுப் பணத்துக்குப் பேபால் 4.4 சதவீதமும் அதன் மேல் 30 சென்ட்டும் பிடிக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 2 டாலர் மாட்யூலில் பேபாலுக்கு 39 சென்ட், இட்சுக்கு 20 சென்ட். மிஞ்சுவது 1.41 டாலர். ரூபாயாக மாற்றும்போது இன்னும் கொஞ்சம் கரையும். அதே முறையில் ஐரோப்பிய வாட் வரிப் பொறுப்பும் உங்கள் தலையில் விழும். 2021 ஏப்ரல் 1 முதல் பேபால் இந்தியாவுக்குள் பணம் பரிமாறுவதை நிறுத்திவிட்டதால், கொல்லத்திலோ கோவையிலோ இருக்கிறவர் உங்கள் பேபாலுக்குப் பணம் போடவும் முடியாது.

அதனால் இரண்டாவது முறையையே எடுங்கள். வாட் கணக்கை இட்ச் பார்த்துக்கொள்ளும், சில்லறை விற்பனைகள் ஒரே தொகையாக வரும். இதில் ஒரு படியைத் தாண்டவே கூடாது: வரி நேர்காணல் என்ற படிவம். அமெரிக்க வாங்குநர்களிடமிருந்து வரும் ராயல்டியில் 30 சதவீதம் பிடித்தம் ஆகும். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி காப்புரிமை ராயல்டிக்கு அது 15 சதவீதமாகக் குறையும். அதற்கு டபிள்யூ-8பென் (அமெரிக்கர் அல்லாதவருக்கான அமெரிக்க வரிப் படிவம்) பகுதியில் உங்கள் பான் எண்ணைக் கொடுத்து, ஒப்பந்தச் சலுகை கோருவதாகக் குறிப்பிட வேண்டும். பான் அட்டையில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னே பின்னே மாறியிருந்தால் அலைச்சல்தான். இட்சிலிருந்து பேபாலில் வாங்குவதானால், அந்தக் கணக்கிலும் பர்ப்பஸ் கோடு (பணம் எதற்காக வருகிறது என்ற குறியீடு) தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்த பணம் வங்கிக்கு நகராது.

இட்சின் குறை என்னவென்றால், அங்கே கூட்டம் தானாக வராது. பக்கத்தை நீங்கள்தான் சந்தைப்படுத்த வேண்டும். முகப்புப் படம் 630-க்கு 500 பிக்சல். அந்த அளவில் தலைப்பு எழுத்து தெரியாவிட்டால் மாற்றி வரையுங்கள். உள்பக்கங்கள் மூன்றையாவது படமாகப் போடுங்கள்: வரைபடம், ஒரு சந்திப்புக் காட்சி, ஒரு பாத்திரப் பக்கம். அந்தப் பாத்திரப் பக்கத்தைப் பார்த்தே மாட்யூலின் தரத்தை அனுபவமுள்ள டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) கண்டுபிடித்துவிடுவார். சாவடிக்காரன் என்றால் அவனுக்கு என்ன வேண்டும், அவனுக்கு என்ன தெரியும், குழு அவனைக் கேட்காமல் ஓடைவழி நழுவினால் என்ன நடக்கும், இந்த மூன்றும் ஆறு வரிக்குள் இருக்க வேண்டும். உரக்கப் படிக்கும் பத்தி அரைப் பக்கம் ஓடினால் மேஜையில் ஆட்கள் ஃபோனை எடுத்துவிடுவார்கள். கதை நகர ஒரே ஒரு துப்பை நம்பி எழுதியிருந்தால், பகடை கைவிட்ட இடத்தில் ஆட்டம் நின்றுபோகும். ஒரு முடிவுக்கு மூன்று துப்பு வையுங்கள்.

வரைபடத்தில் இன்னொரு கண்ணி. இன்கார்னேட் என்ற வரைபடச் செயலியின் இலவசப் பதிப்பில் வரைந்தது சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. விற்பதற்குக் கட்டணப் பதிப்பு வேண்டும். கட்டத்தாளில் கையால் வரைந்து ஸ்கேன் செய்தது எந்த உரிமச் சிக்கலும் இல்லாதது, பார்க்கவும் அழகு.

டிரைவ்த்ரூ பற்றி அதிகம் சொல்ல இல்லை. அங்கே மட்டும் விற்றால் உங்களுக்கு 70 சதவீதம், மற்ற இடத்திலும் விற்றால் 65. அந்த 5 சதவீதத்துக்காக இட்சை விடுவது லாபமில்லை. 65-ஐத் தேர்ந்தெடுத்து இரண்டிலும் வையுங்கள். அச்சுப் பிரதி வசதி இருக்கிறது, ஆனால் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ (அச்சுக்கான பிடிஎஃப் வகை) கோப்பு, வெட்டுப்படும் கூடுதல் ஓரம் (ப்ளீட்) 0.125 அங்குலம், மை அளவு 240 சதவீதத்துக்குள் என்று கேட்பார்கள். கறுப்புப் பின்னணி முகப்புகள் அந்த மை அளவைத் தாண்டித்தான் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வரும். மாதிரிப் பிரதியை வாங்கிச் சரிபார்த்த பிறகே விற்பனைக்கு விட முடியும். வெளிநாட்டில் அச்சாகித் தென்காசிக்கு வந்து சேரும் செலவைக் கணக்கில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

பலரிடம் முன்கூட்டியே நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து திட்டம் தொடங்க முடியாது. கேட்கிறவர்கள் நிறைய, ஆகவே சொல்லிவைக்கிறோம்.

தமிழ்ப் பதிப்பை இந்த மூன்று கடைகளையும் நம்பி வைக்காதீர்கள். வாங்குகிறவரிடம் யுபிஐயில் பணம் வாங்கி, கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவதே சுலபம். ஏ5 அளவில் 16 பக்கம் என்றால் நாலு ஏ4 தாள், நடுவில் இரண்டு பின். உள்ளூர் டிஜிட்டல் அச்சகத்திலேயே முடியும். பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும், இல்லையேல் கடைசியில் வெற்றுப் பக்கம் நிற்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இண்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற எழுத்தமைப்பு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். ‘கெ’ உடைந்து நிற்பதைத் திரையில் கவனிக்காமல் 100 பிரதி அடித்துவிட்டால் அத்தனையும் வீண். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓஎஃப்எல் என்ற திறந்த எழுத்துரு உரிமம் உள்ளதை எடுத்து, அது பிடிஎஃப்புக்குள்ளேயே பதிந்து (எம்பெட் ஆகி) இருக்கிறதா என்று ஆவண விவரத்தில் பார்த்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்புங்கள்.