பழைய ஜெர்மன் கார், ஏர் சஸ்பென்ஷன், பிரேக்: நானே வேலை பார்த்த நாலு வருட அனுபவம்

முதலில் பார்த்தது பால்காரர்தான். "ஏனுங்க, வண்டி ஒரு பக்கமா உக்காந்திருக்குதுங்களே?" என்றார். இடது முன் சக்கரத்துக்கு மேலே விரல்கூட நுழையவில்லை. இந்த வண்டியைத் தாங்குவது இரும்பு ஸ்பிரிங் இல்லை, காற்று நிரப்பிய ரப்பர் பைகள் (ஏர் ஸ்பிரிங்). ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரெஸர் ஓடி அதில் காற்றை ஏற்றித் தூக்கிவிடும், ராத்திரியில் மறுபடி இறங்கிவிடும். அதான் தூக்கிவிடுகிறதே என்று இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன், அதுதான் பெரிய தப்பு. அந்தக் கம்ப்ரெஸர் கொஞ்ச நேரம் ஓடி நிற்க வேண்டியது, போகிற காற்றை ஈடுகட்ட ஓடி ஓடிச் சூடேறி பிஸ்டன் ரிங் தேய்ந்து, கடைசியில் அதற்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான ரிலேவும் ஒட்டிக்கொண்டது. ஒர்க்ஷாப்பில் கம்ப்ரெஸரை மட்டும் மாற்றச் சொன்னார்கள். மாற்றியிருந்தால் புதுசும் அதே கதிக்குத்தான் போயிருக்கும்.

லீக் எங்கே என்று பார்க்க ஒரு இன்ச் டேப் போதும். ராத்திரி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள், காலையில் திரும்ப அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்த ஏர் ஸ்பிரிங் அல்லது அதற்குப் போகும் பைப், முன்னால் இரண்டும் சேர்ந்து இறங்கினால் காற்றை ஒவ்வொரு சக்கரத்துக்கும் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கைப் பாருங்கள். எனக்கு ஒரே மூலை, 60 மி.மீ. சக்கரத்தைக் கழற்றிப் பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீரில் கலந்து ரப்பர் மடிப்பில் அடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் மடிப்புக்குள் கடுகளவு ஒரு குமிழி மெல்ல வளர்ந்து உடைந்தது, அதே இடத்தில் இன்னொன்று. துடைத்துப் பார்த்தால் முடி போல ஒரு கீறல், அவ்வளவுதான்.

மாட்டும்போது இரண்டு விஷயம் முக்கியம். காற்று போனதும் பாடி சட்டென்று இறங்கும், அதனால் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். அப்புறம், புது ஸ்பிரிங்கில் காற்று ஏற்றாமல் வண்டியின் எடையை இறக்கினால் ரப்பர் தப்பாக மடிந்து கிழியும், சக்கரம் தொங்கும்போதே காற்றை ஏற்றிவிட்டு மெதுவாக இறக்க வேண்டும். கம்ப்ரெஸருக்குப் புது ரிங், காற்றின் ஈரத்தை எடுக்கும் ட்ரையரில் புது சிலிக்கா மணிகள், கூடவே ரிலே. மூன்று வருடம் தாண்டியும் அதேதான் ஓடுகிறது.

பிரேக் சங்கதி வால்பாறையில் தெரிந்தது. 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆழியாறு வரும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. வீட்டுக்கு வந்து திறந்தால் பிரேக் ஆயில் டிகாஷன் நிறம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை விழலாம். மலை இறக்கத்தில் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுகிறேன்.

இன்னொன்றும் இருந்தது. வலது முன் காலிப்பரில், அதாவது பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகத்தில், உள் பேட் 2 மி.மீ., வெளி பேட் 7 மி.மீ. காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகியிருந்ததுதான் காரணம், பேடை மட்டும் மாற்றினால் அடுத்த செட்டும் இப்படியே தேயும். பின்னைச் சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் போட்டேன். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் கட்டுங்கள்.

பிரேக் லைனில் சிக்கிய ஏரை எடுக்க மகள் பெடலில் கால் வைத்து உட்கார்ந்தாள். "அமுக்கிட்டேன்ப்பா" என்றதும் டியூப் மாட்டிய காலிப்பர் நிப்பிளைத் திறப்பேன், நான் மூடி "விடு" என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது. டியூபில் குமிழி நின்று தெளிந்த ஆயில் வரும்வரை நாலு சக்கரத்துக்கும் இப்படியே. மாஸ்டர் சிலிண்டர், ஏபிஎஸ் யூனிட் இரண்டையும் மட்டும் நான் தொடுவதில்லை, அதற்கு ஒர்க்ஷாப்தான்.

போன வாரம் அளந்தபோது பின் வலது மூலை ஒரே ராத்திரியில் 9 மி.மீ. இறங்கியிருந்தது. இந்தத் தடவை இரண்டு மாதம் காத்திருக்கப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சக்கரத்தைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்துவிடுவேன்.