பால்கனி கேபினா, உள் கேபினா: சிங்கப்பூர்க் கப்பலில் கூடுதல் காசு எதற்காக?

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்பும் நான்கு இரவுக் கப்பலுக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தால் எல்லாருக்கும் வரும் கேள்விதான் எங்களுக்கும் வந்தது. ஜன்னலே இல்லாத உள் கேபின் போதுமா, பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா? ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மா, நான், மனைவி, ஒன்றரை வயது மகள். பேசிப் பேசி ஒரு பால்கனி கேபினும், அதற்கு நேர் எதிரே நடைவழிக்கு அந்தப் பக்கம் ஒரு உள் கேபினும் எடுத்தோம். அதனால் ஒரே பயணத்தில் ஒரே டெக்கில் (கப்பல் தளத்தில்) இரண்டிலும் மாறி மாறி இருந்து பார்க்க முடிந்தது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் தூங்குகிறவர் யாராவது உங்களோடு வந்தால் பால்கனி எடுங்கள், கொடுக்கும் காசு வீண் போகாது. அப்படி யாரும் இல்லையென்றால் இந்தக் கடல்வழிக்கு உள் கேபினே தாராளம்.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். சாப்பாடு, நீச்சல்குளம், நாடகம், பாட்டுக் கச்சேரி எல்லாம் எந்தக் கேபினில் இருந்தாலும் ஒன்றுதான். 'சூட்' (suite) எனப்படும், கூடத்தோடு கூடிய பெரிய அறைகளில் தங்குபவர்களுக்கு மட்டும் தனி உணவகம், தனி வரிசை என்று சில சலுகைகள் உண்டு. படுக்கை, குளியலறை, அலமாரி ஆகியவற்றில் உள் கேபினுக்கும் பால்கனிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. புதிய பெரிய கப்பல்களில் உள் கேபின் சுமார் 170 சதுர அடி இருக்கும், பால்கனி கேபின் அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. வெளியே இரண்டு நாற்காலியும் ஒரு குட்டி மேசையும் போட இடம் இருக்கும், அவ்வளவுதான்.

காசைக் கணக்குப் போடும் விதத்தை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். விளம்பரத்தில் பார்க்கும் கட்டணம் ஒரு ஆளுக்கு, அதுவும் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில். அதற்கு மேல் துறைமுகக் கட்டணமும் வரியும் வரும், டிப்ஸ் வரும். கைக்குழந்தையையும் ஒரு தலையாகவே எண்ணி டிப்ஸ் போடும் கப்பல்கள் உண்டு. இவை உள் கேபினுக்கும் பால்கனிக்கும் ஒன்றே. ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்கள் சூட்டுக்கு மட்டும் டிப்ஸைக் கொஞ்சம் கூட்டி வாங்குகின்றன. ஆகவே கட்டணத்தை மட்டும் பார்த்து 'பால்கனி ஒன்றரை மடங்கா!' என்று மலைக்க வேண்டாம். எல்லாம் சேர்ந்த மொத்தத்தில் பார்த்தால் அந்த விகிதம் குறைந்துவிடும். இரண்டு கேபினுக்கும் உள்ள முழுத் தொகை வித்தியாசத்தை எடுத்து இரவுகளால் வகுங்கள். அறைக்கு 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வித்தியாசம் என்றால் இரவுக்கு 100 வெள்ளி. அந்த 100 வெள்ளிக்குத் தினமும் எத்தனை மணி நேரம் அந்தப் பால்கனியில் இருப்போம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு முடிவு கிடைத்ததே அந்தக் கேள்வியில்தான். பலரும் பால்கனியைக் காட்சிக்காக எடுக்கிறார்கள். இந்தக் கப்பல் போகும் மலாக்கா நீரிணையில் காட்சிக்காக மட்டும் என்றால் நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். அலாஸ்கா போகிறீர்கள், நார்வேயின் மலை இடுக்குகளுக்குள் கப்பல் நுழைகிறது என்றால் அது வேறு கதை, அங்கே அறையிலிருந்தபடியே பனிமலை பார்க்கலாம். இங்கே பெரும்பாலான நேரம் தட்டையான கடல், தூரத்தில் வரிசையாகச் சரக்குக் கப்பல்கள். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது நங்கூரமிட்டு நிற்கும் நூற்றுக்கணக்கான கப்பல்களுக்கு நடுவே போவது பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அதை மேல் டெக்கில் நின்றால் இன்னும் நன்றாக, இரண்டு பக்கமும் பார்க்கலாம். காசும் இல்லை.

சரி, அப்புறம் எதற்குப் பால்கனி? அது இரண்டாவது அறை. குழந்தை மதியம் ஒன்றரை இரண்டு மணி நேரம் தூங்கும். கப்பலில் கொடுக்கும் மடக்குத் தொட்டிலைக் கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவே விரித்துவிட்டால் நடக்கவே இடம் இருக்காது. விளக்கை அணைக்க வேண்டும், பேசக் கூடாது, டிவி கூடாது. உள் கேபினில் விளக்கை அணைத்தால் கதவிடுக்கில் தெரியும் வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்தக் கும்மிருட்டில் பெரியவர்கள் இரண்டு பேரும் என்ன செய்வது? ஒருவர் காவலுக்குப் படுத்திருக்க, இன்னொருவர் வெளியே போகலாம். அப்படியென்றால் விடுமுறையில் தினமும் ஒரு பகல் பொழுது கணவன் மனைவி தனித்தனியாகக் கழிக்க வேண்டும். பால்கனி கேபினில் திரையை இழுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே உட்கார்ந்தோம். பஃபேயிலிருந்து கொண்டுவந்த காபி, திரையின் ஓரத்தில் விட்ட இடுக்கு வழியாகத் தொட்டில் தெரியும், நாங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். மகள் பிறந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் தடையில்லாமல் பேசியது அங்கேதான். இரவும் அப்படியே. எட்டரை மணிக்கு அவள் தூங்கிவிட்டால் எங்கள் நாள் அதோடு முடிந்துவிடவில்லை. உள் கேபினில் இருந்திருந்தால் நாங்களும் எட்டரைக்கே படுக்க வேண்டியதுதான்.

முதியவர்களுக்கும் இது பொருந்தும். அப்பா விடியுமுன் எழுகிறவர், அம்மா கொஞ்சம் தாமதமாக. இந்தப் பக்கம் விடிவதே ஏழு மணி வாக்கில்தான். ஜன்னல் இல்லாத அறையில் மணி மூன்றா ஆறா என்றே தெரியாது, விளக்கைப் போட்டால் அம்மா எழுந்துவிடுவார். முதல் நாள் காலையில் அப்பா சத்தமில்லாமல் எங்கள் கதவைத் தட்டி நேரே பால்கனிக்குப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அதுவே வழக்கம் ஆகிவிட்டது, எங்கள் வீட்டுத் திண்ணை போல. மூட்டு வலி உள்ளவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கப்பல்கள் முந்நூறு மீட்டருக்கு மேல் நீளம். ஜென்டிங் ட்ரீம் 335 மீட்டர், ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்கள் 348 மீட்டர். கொஞ்சம் வெளிக்காற்று வேண்டுமென்றாலும் லிஃப்ட் வரை நடந்து, காத்திருந்து, மேலே போய், நாற்காலி தேட வேண்டும். பால்கனி இருந்தால் நான்கு அடி வைத்தால் போதும்.

உள் கேபினுக்கு நியாயம் செய்ய வேண்டும். தூங்குவதற்கு அதைவிட நல்ல அறை கப்பலில் கிடையாது. இருட்டு, குளிர்ச்சி, அமைதி. எங்கள் மகள் தொட்டிலில் தூங்கியதைவிட என் அம்மாவோடு எதிர் கேபினில் படுத்தபோதுதான் நன்றாகத் தூங்கினாள், அதைப் பார்த்த பிறகு மதியத் தூக்கத்தை அங்கேயே மாற்றிவிட்டோம். பாட்டியும் பேத்தியும் அங்கே தூங்க, மற்ற மூவரும் பால்கனிப் பக்கம். இரண்டு அறை எடுக்கும் குடும்பங்கள் இரண்டிலும் பால்கனி எடுக்கத் தேவையில்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். எதிரெதிராக ஒன்று, ஒன்று எடுத்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும், மிச்சமாகும் காசில் இறங்கும் ஊர்களில் நன்றாகச் செலவழிக்கலாம். பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலும் லிட்டில் இந்தியாவும் நடக்கிற தூரம்தான். அப்படி இறங்கிப் போகும் நாளில் பால்கனி பூட்டித்தான் கிடக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

உள் கேபினில் இருட்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டும் சேனல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பல கப்பல்களில் உண்டு. சத்தத்தைக் குறைத்து அதை ஓடவிட்டால் இரவில் கறுப்பாக இருக்கும், விடியும்போது திரையும் மெல்ல வெளுக்கும். குவாண்டம் வகைக் கப்பல்களின் உள் கேபின்களில் இதையே பெரிதாகச் செய்து, ஏறக்குறைய தரையிலிருந்து கூரை வரை எட்டும் 80 அங்குலத் திரையில் வெளிக்கடலை நேரடியாகக் காட்டுகிறார்கள். வெளிச்சப் பிரச்சினைக்கு அது போதும். உட்கார இடம் வேண்டும் என்பதற்கு எந்தத் திரையும் உதவாது.

ஜன்னல் கேபின் இரண்டுக்கும் நடுவே. ஜன்னல் திறக்காது, ஆனால் வெளிச்சம் வரும், பகல் இரவு தெரியும். தம்பதியர் மட்டும் போனால் அது நல்ல பேரம் என்றுதான் நினைக்கிறேன், நான் அதில் தங்கியதில்லை, அதனால் அதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன். சென்னையிலிருந்து இலங்கை போகும் பயணங்களை 2023 ஜூனில் தொடங்கிய எம்ப்ரஸ் போன்ற பழைய கப்பல்களில் கேள்வியே மாறிவிடும். அது 1990-இல் கட்டியது, பால்கனி கேபின்கள் அதில் மிகக் குறைவு. அங்கே பெரும்பாலும் உள் கேபினா, ஜன்னலா என்றுதான் தேர்வு இருக்கும், அப்போது நான் ஜன்னல் பக்கம் சாய்வேன். சூட்டைப் பற்றியும் எனக்கு அனுபவம் கிடையாது. ஆறேழு பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் யோசிக்கலாம், ஆனால் அதே விலையில் எதிரெதிராக இரண்டு கேபின் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள், குளியலறையும் இரண்டு கிடைக்கும்.

பால்கனி என்று முடிவு செய்தால் எந்தப் பால்கனி என்பதும் முக்கியம். டெக் வரைபடத்தைத் திறந்து உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கின்றனவா என்று பாருங்கள். மேலே பஃபே இருந்தால் அதிகாலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம், கீழே அரங்கம் இருந்தால் நள்ளிரவு வரை அதிர்வு. உயிர்காப்புப் படகுகளுக்கு மேலே உள்ள சில அறைகளில் கீழ்ப் பார்வை முழுக்கப் படகுக் கூரைதான். விலை குறைவு என்பதற்காக, அறை எண்ணை நிறுவனமே பின்னர் முடிவு செய்யும் வகைக் கட்டணத்தை முதியவர்களோடு போகும்போது எடுக்க வேண்டாம், கப்பலின் ஒரு கோடியில் போட்டால் நடந்தே அலுத்துப்போவார்கள். அலையைப் பற்றி இந்த வழியில் பெரிய கவலை வேண்டாம், சுமத்ரா ஒரு பக்கம் மறைத்து நிற்பதால் நீரிணை பொதுவாக அமைதியாகவே இருக்கும்.

வெயிலையும் பாருங்கள். பினாங்கு நோக்கிப் போகும்போது கப்பல் வடமேற்காக ஓடும், அப்போது இடது பக்கப் பால்கனிகளில் பிற்பகல் வெயில் நேராக அடிக்கும். திரும்பும்போது வலது பக்கம் அடிக்கும். கப்பல் நகரும்போது காற்று வரும், துறையில் நிற்கும்போது புழுக்கம். கதவைத் திறந்தே வைத்தால் அறைக்குள் ஈரப்பதம் ஏறும், சில கப்பல்களில் ஏசியே நின்றுவிடும். பால்கனிக் கதவும் நடைவழிக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் காற்று இழுத்துப் படாரென்று அறையும், குழந்தையின் விரல் அங்கே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியைக் கம்பியருகே விடவே கூடாது, நாங்கள் எழுந்து உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு நாற்காலியையும் உள்ளே இழுத்துவிட்டு மேல் பூட்டைப் போட்டோம். எல்லா இடத்திலும் ஏறத் தொடங்கியிருக்கும் பிள்ளை இருந்து, உங்களுக்கு அந்த நினைப்பே நிம்மதியைக் கெடுக்கும் என்றால் ஜன்னல் கேபின் எடுப்பதில் தவறே இல்லை.

துணி காயப்போடலாம் என்று பால்கனி எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: கம்பியில் துணி போட விட மாட்டார்கள், குளியலறையில் இழுத்துக் கட்டும் கொடி ஒன்று இருக்கும், அதுதான். ஊதுபத்தி, கற்பூரம், கெட்டில், ரைஸ் குக்கர் எதையும் வீட்டிலிருந்து கொண்டுவர எந்தக் கேபினிலும் அனுமதி கிடையாது. பால் கரைக்க வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க் கொண்டுபோங்கள், பஃபேயில் நிரப்பிக்கொள்ளலாம்.

பதிவு செய்த பிறகு, உயர்ந்த கேபினுக்கு மாற ஏலம் கேட்கச் சொல்லி மின்னஞ்சல் வரலாம். அதில் கேட்கும் தொகை பெரும்பாலும் ஒரு ஆளுக்கு, அறைக்கு அல்ல, ஆக இரண்டால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏலம் கிடைத்தால் எந்த டெக், எந்த மூலை என்பதை அவர்களே முடிவு செய்வார்கள், திருப்பித் தர மாட்டார்கள். ஒரே ஒரு கேபின் மட்டும் எடுத்துப் போகிறவர்கள் முயலலாம். எங்களைப் போல எதிரெதிராக இரண்டு கேபின் பார்த்துப் பிடித்து வைத்திருப்பவர்கள் அந்த மின்னஞ்சலைத் தொடவே வேண்டாம்.