ஏழு ஆண்டுகளில் ஒரு குப்பி காம்பவுண்ட்: கார் கீறல்களை நானே நீக்கிய அனுபவம்

2018-இல் வாங்கிய அடர்நீல ஸ்விஃப்ட் காரை, சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத் தூண்களுக்கு நடுவே நிறுத்தி ஏழு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். இத்தனை நாளில் அதன் மேல் விழுந்த மெல்லிய கீறல்களையும் உரசல் தடங்களையும் பெரும்பாலும் காம்பவுண்ட் எனப்படும், பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றும் களிம்பைக் கொண்டு என் கையாலேயே தேய்த்து நீக்கியிருக்கிறேன்.

முதல் ஆண்டில் வாங்கிய கீறல் நீக்கி ஒன்று எனக்கு நல்ல பாடமாக அமைந்தது. தேய்த்த அன்றே கோடுகள் மறைந்தன. நான்கைந்து முறை கழுவியதும் அதே இடத்தில் அதே கோடுகள் மீண்டும் தெரிந்தன. அது கீறலை நீக்கவில்லை, எண்ணெய்ப் பசையாலும் மெழுகாலும் நிரப்பி மறைத்திருந்தது. அதன் பிறகு எதைத் தேய்த்தாலும், எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்த பிறகே கீறல் போய்விட்டதாக ஏற்றுக்கொள்கிறேன்.

இன்றைய கார்களில் தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று பூச்சுகள் அடுக்காக இருக்கின்றன. அந்தக் கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40 அல்லது 50 மைக்ரான் அளவுதான், அதாவது ஒரு தலைமுடியை விட மெல்லியது. காம்பவுண்டில் உள்ள நுண்ணிய துகள்கள் கீறலை அழிப்பதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பரப்பை அதன் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குகின்றன. விளிம்புகள் சமமானதும் வெளிச்சம் அங்கே சிதறாததால் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே நாம் நீக்கும் ஒவ்வொரு கீறலுக்கும் அந்த மெல்லிய பூச்சிலிருந்து கொஞ்சம் செலவாகிறது, செலவானது திரும்ப வராது. இதை நான் முதலிலேயே அறிந்திருந்தால் பாதிக் கீறல்களைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

இப்போது தேய்ப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். நன்றாகக் கழுவிய பிறகு கீறலின் மேல் தண்ணீர் தெளித்தால், ஈரம் இருக்கும் வரை கோடு மறைந்திருந்தால், அது பெரும்பாலும் கிளியர் கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது என்று பொருள். விரல் நகத்தை அதன் குறுக்கே மெதுவாக இழுக்கும்போது நகம் தட்டினால், அது காம்பவுண்டுக்கு அடங்கும் ஆழம் அல்ல.

நான் பயன்படுத்துவது மெக்வையர்ஸ் அல்டிமேட் காம்பவுண்ட், 450 மில்லி குப்பி. நிழலில், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது, ஒரு சாண் அகலத்துக்கு மேல் போகாமல், மைக்ரோஃபைபர் துணியில் சில சொட்டுகள் விட்டு, நேர்க்கோடாக முன்னும் பின்னும் தேய்ப்பேன். கைப்பிடிக் குழியில் விழும் நகக் கீறல்கள் இரண்டு சுற்றிலேயே போய்விடுகின்றன. புதர்க்கிளை உரசிய கோடுகளுக்கு நான்கு சுற்று தேவைப்படும். துணியைத் தூசித் தரையில் தவறவிட்டால் அதை மீண்டும் காரில் வைப்பதில்லை, ஒரே ஒரு மணல் துகள் புதிய கீறலைப் போட்டுவிடும்.

உரசல் தடங்கள் இதிலிருந்து வேறுபட்டவை. 2020-இல் பின்பம்பர் தூணில் உரசியபோது ஓரடி நீளத்துக்கு வெள்ளையாகப் பட்டை விழுந்தது. பெயிண்டே போய்விட்டது என்று மனம் பதைத்தேன்; தேய்க்கத் தேய்க்கத் தெரிந்தது, அதில் பெரும்பகுதி தூணின் சுண்ணாம்புப் பூச்சு என் பம்பரில் ஒட்டியதுதான். அரை மணி நேரத்தில் இரண்டு மெல்லிய கோடுகளைத் தவிர எல்லாம் போய்விட்டது. பட்டறையில் முழு பம்பருக்கும் பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிடாமல், முதலில் கையால் துடைத்துப் பார்த்ததை நினைத்து இன்றும் மகிழ்கிறேன்.

என் பெரிய தவறு 2021-இல் நடந்தது. முன்கதவின் ஓரத்தில் நகம் தட்டும் அளவுக்கு இருந்த ஒரு கீறலை, பெயிண்டர்கள் வாட்டர் பேப்பர் என்று சொல்லும் உப்புத்தாளில் 2000 எண் வாங்கி நனைத்துத் தேய்த்தேன். கதவின் மடிப்பிலும் விளிம்பிலும் பூச்சு எளிதில் தேய்ந்துவிடும் என்பதும், அழுத்தம் முழுவதும் அங்கேதான் குவியும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. கடைசியில் காம்பவுண்ட் துணியில் நீல நிறம் ஏறியது. கிளியர் கோட் உள்ள காரில் துணி நிறம் ஏறினால், அந்த இடத்தில் காக்கும் பூச்சு தீர்ந்துவிட்டது என்று பொருள். அன்றைக்குப் பளபளப்பாகத்தான் இருந்தது; இரண்டு கோடைகளுக்குப் பிறகு அந்த இடம் மட்டும் வெளிறியதால் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க நேர்ந்தது.

அதற்குப் பிறகு தேய்ப்பதை விடக் கீறல் விழாமல் பார்ப்பதில்தான் என் கவனம் சென்றது. அடையாற்றின் கரையோரச் சாலைப் புழுதி நாள்தோறும் படிகிறது. அதைக் காலையில் உலர்ந்த துணியால் துடைப்பதே வெயிலில் சிலந்தி வலை போலத் தெரியும் கோடுகளுக்குக் காரணம். கார் துடைக்க வரும் தம்பியிடம், கண்ணாடிகளை மட்டும் துடைத்தால் போதும் என்றும் மற்ற இடம் தூசியாகவே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டேன். வாரம் ஒருமுறை முதலில் தண்ணீரைப் பாய்ச்சி மண்ணை இறக்கி, சோப்புக்கு ஒரு வாளியும் துணியை அலசத் தனி வாளியுமாக வைத்து நானே கழுவுகிறேன். 2023-க்குப் பிறகு காம்பவுண்டை மூன்று முறைதான் எடுத்திருக்கிறேன்.

பின்கதவில் ஒரு பைக்கின் கைப்பிடி போட்ட ஆழமான கோடு இருக்கிறது. அதில் டச் அப் பெயிண்டை மெல்லிய தூரிகையால் தடவி, ஈரம் தகட்டைத் தொடாதபடி அடைத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறேன். குப்பியில் இன்னும் கால் பங்கு மீதம் இருக்கிறது.